புதுப்பிப்பு: மிக்சர் இணைப்பில் உறையாத ஐஸ்கிரீம், தீர்வு கிடைத்தது

ஸ்டாண்டு மிக்சரின் ஐஸ்கிரீம் கிண்ணத்தில் அரை மணி நேரம் சுழற்றியும் கலவை பாலாகவே நிற்கிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன்; பதிலளித்த அனைவருக்கும் நன்றி. கிண்ணத்தைக் குறை கூறியது என் தவறு. அதன் சுவருக்குள் இருக்கும் திரவம் முழுவதும் உறைய வேண்டும், குலுக்கினால் சலசலப்புக் கேட்கக் கூடாது என்று ஒருவர் எழுதியதே பலித்தது: முன்பு ஃப்ரீசரில் 8 மணி நேரம் மட்டுமே வைத்திருந்த கிண்ணத்தை இம்முறை மைனஸ் 18 டிகிரியில் 24 மணி நேரம் வைத்தேன். கலவையையும் இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் குளிரவைத்து, கிளறும் துடுப்பு சுழலத் தொடங்கிய பின்னரே ஊற்றியதால் (முன்னதாக ஊற்றினால் ஓரத்தில் உறைந்து துடுப்பைப் பிடித்துக்கொள்ளும்), 25 நிமிடங்களில் மென்மையாகத் திரண்டது. நான் எதிர்பாராதது, இறுதியில் துடுப்பு டக் டக்கென்று தட்டியதுதான். அது பழுதன்று, கலவை கெட்டியாகிவிட்டதன் அடையாளம். சர்க்கரையைக் குறைக்கச் சொன்ன யோசனை மட்டும் உதவவில்லை. சர்க்கரை குறைந்ததால் ஐஸ்கிரீம் மறுநாள் கல்லாக இறுகிவிட்டது.