பின்பக்கம் சின்னச் சின்ன முண்டுகள், வலி இல்லை, என்னவாக இருக்கும்?

கதிர்வண்டி:
வணக்கம். நேரில் யாரிடமும் கேட்க முடியவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன். கும்பகோணம் பக்கம் கிராமம், வயது 28. கதிர் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறேன். சம்பா அறுவடை வந்துவிட்டால் காலையில் ஏறினால் இருட்டும் வரை சீட்டிலேயேதான், வியர்வை, தூசி, நெல் சுணை எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். கொஞ்ச நாளாகக் கழுவும்போது ஆசனவாய் ஓரத்தில் விரலில் ஏதோ தட்டுப்படுகிறது. நொய்யரிசி அளவில் மூன்று நான்கு இருக்கும். தோல் நிறம்தான், வலி, சீழ், ரத்தம் எதுவும் இல்லை, எப்போதாவது லேசாக அரிக்கும். போனில் படம் எடுத்துப் பார்த்தும் புரியவில்லை. நெட்டில் தேடினால் மூலம் என்கிறார்கள், பால்வினை நோய் என்கிறார்கள், புற்றுநோய் வரைக்கும் போய்விடுகிறது. வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அந்தப் பயம் வேறு. எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள். பஸ் ஸ்டாண்டு சுவரில் மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம் என்று எழுதியிருக்கிறதே, அங்கே போகலாமா?

மன்னை டிரைவர்:
அண்ணே, முதலில் அந்தச் சுவர் விளம்பரத்தை விடுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அப்படி ஒரு இடத்தில் என்ன ஊசி என்றே சொல்லாமல் போட்டு, புண்ணாகி, அப்புறம் பெரிய ஆஸ்பத்திரியில்தான் சரியானது. எனக்கும் ஓரத்தில் ஒரு முண்டு உண்டு. மலச்சிக்கலில் வெடித்த இடம் ஆறியபோது தோல் மடிந்து அப்படியே தங்கிவிட்டது, கழுவும்போது இடறுவதைத் தவிர தொந்தரவு இல்லை, அப்படியே விடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் எனக்கு இருந்தது ஒன்றுதான், உங்களுக்கு நான்கு என்கிறீர்கள். காட்டிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற சிஸ்டர்:
தம்பி, நான் தோல் நோய்ப் பிரிவில் பல வருஷம் நர்ஸாக இருந்தவள். எழுத்தைப் படித்தும் போட்டோவைப் பார்த்தும் இதுதான் என்று யாரும் சொல்ல முடியாது, யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எதுவாக இருந்தால் எப்படி இருக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

மூலம் என்று சொல்லி வருகிறவர்களில் பலருக்கு அது மூலமாகவே இருக்காது. வெளிமூலத்தில் ரத்தம் உறைந்தால் நீலம் பூத்த உருண்டை திடீரென்று வரும், முதல் இரண்டு மூன்று நாள் உட்காரவே முடியாது, பிறகு மெல்ல வற்றும். உங்களுக்கு அப்படி இல்லை. ஒரே இடத்தில் கட்டி வந்து உடைந்து, ஆறி, மறுபடி அதே இடத்தில் சீழ் கசிந்தால் பவுத்திரமாக இருக்கலாம், அதற்கும் வலியில்லாத உங்கள் முண்டுகளுக்கும் சம்பந்தம் தெரியவில்லை. வியர்வையில் உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு மயிர்க்கால் பரு வரும், ஆனால் அது சிவந்து, தொட்டால் வலிக்கும்.

தோல் நிறத்தில், வலியில்லாமல், ஒன்றுக்கு மேல் என்றால் மருவா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். ஹெச்.பி.வி. என்ற வைரஸால் வருவது, பெரும்பாலும் அதில் 6, 11 என்ற வகைகள். அந்த இரண்டும் புற்றுநோயைக் கொண்டுவரும் வகைகள் அல்ல, அந்தப் பயத்தை விடுங்கள். தொடக்கத்தில் சின்னதாக இருக்கும், விட்டால் பெருகிச் சொரசொரப்பாகக் கொத்துக்கொத்தாக வரும். உடலுறவில் தோலோடு தோல் உரசுவதில் தொற்றுகிறது. அங்கே மரு வந்தால் அந்த வழியில் உறவு வைத்ததாகத்தான் அர்த்தம் என்று நினைக்கிறார்கள், அப்படி இல்லை. தொற்றி மாதங்கள், சில சமயம் வருஷங்கள் கழித்துக்கூட வெளியே தெரியும். அதனால் யாரிடமிருந்து வந்தது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். மருந்து தடவியோ, உறைய வைத்தோ, சுட்டோ எடுப்பார்கள். முதல் சில மாதங்களில் திரும்ப வருவது சகஜம், பாதியில் நிறுத்தாமல் போக வேண்டும்.

சிபிலிஸ் என்கிற மேகநோயின் இரண்டாம் கட்டத்திலும் அங்கே ஈரமான, தட்டையான முண்டுகள் வரும். மருவென்று நினைத்து அதைச் சுட்டுவிட்டால் நோய் உள்ளேயே இருக்கும். பென்சிலின் ஊசியில் குணமாகிற நோய் அது, ரத்தப் பரிசோதனை செய்தால்தான் தெரியும். நான் நேரில் காட்டச் சொல்வது முக்கியமாக இதற்காகத்தான்.

காய்ச்சலோடு விண்விண்ணென்று வலிக்கிற வீக்கம் வந்தால் அன்றைக்கே ஓட வேண்டும், சர்க்கரை இருப்பவர்கள் ஒரு ராத்திரிகூடக் காத்திருக்கக் கூடாது. ஆறாத புண், கடினமான கட்டி, ரத்தம் என்றாலும் தள்ளிப்போடாதீர்கள்.

மருந்துக்கடைப் பையன்:
சிஸ்டர் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அரிப்பு என்று கடையில் கேட்டால் ஸ்டீராய்டு கலந்த டியூபை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். தடவினதும் அரிப்பு நின்றுவிடும், படையாக இருந்தால் அடியில் பரவிக்கொண்டே போகும், தோலும் மெலிந்துவிடும். காலாணிக்கும் கை மருவுக்கும் விற்கிற ஆசிட் மருந்தை அங்கே வைக்கவே கூடாது. எருக்கம்பால், அம்மான் பச்சரிசிப் பால், சுண்ணாம்பு, முடியால் கட்டி அறுப்பது, இவை எதுவும் வேண்டாம். வெந்துபோன தோலோடு வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். டாக்டரிடம் போகிற வரைக்கும் வெறும் தண்ணீரில் கழுவி ஒற்றித் துடையுங்கள், ஈர ஜட்டியோடு உட்காராதீர்கள், கிள்ளாதீர்கள், ஷேவ் பண்ணாதீர்கள்.

கதிர்வண்டி:
எல்லோருக்கும் நன்றி. மறைக்காமல் சொல்கிறேன், இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெளியூர் வேலைக்குப் போன இடத்தில் பாதுகாப்பு இல்லாமல் ஒரு முறை உறவு இருந்தது. அதைச் சொன்னால் எப்படி நடத்துவார்கள்? வீட்டுக்குத் தெரியுமா? அங்கே என்னதான் செய்வார்கள்?

ஓய்வுபெற்ற சிஸ்டர்:
இங்கே சொன்னதை அப்படியே டாக்டரிடமும் சொல்லுங்கள் தம்பி, அவர்களுக்கு இது தினமும் கேட்கிற விஷயம். இடதுபக்கம் சாய்ந்து முழங்காலை மடக்கிப் படுக்கச் சொல்வார்கள், கையுறை போட்டு வெளிச்சத்தில் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் சின்னக் குழாய் விட்டு உள்ளேயும் பார்ப்பார்கள். கூச்சமாக இருந்தால் ஆண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம். சிபிலிஸுக்கு ரத்தம் எடுப்பார்கள். ஹெச்.ஐ.வி.க்கு அரசு ஆஸ்பத்திரியிலேயே இருக்கிற நம்பிக்கை மையம் என்ற பரிசோதனை இடத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள், உங்கள் சம்மதம் இல்லாமல் பார்க்கக் கூடாது, ரகசியம் காக்க வேண்டும் என்று 2017 சட்டமே இருக்கிறது. மரு என்று உறுதியானால் சிகிச்சை முடியும் வரை உறவு வேண்டாம். கல்யாணம் நின்றுவிடும் என்று பயப்படாதீர்கள், வைத்தியம் பார்த்துக்கொண்டு கல்யாணம் செய்தவர்கள் நிறையப் பேர். கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்று அந்த டாக்டரிடமே கேளுங்கள், அவளுக்குப் போட ஹெச்.பி.வி. தடுப்பூசியும் இருக்கிறது.

கதிர்வண்டி:
திங்கட்கிழமை தஞ்சாவூர் போகிறேன். ஊர்க்காரர்கள் கண்ணில் படாமல் அங்கே போவதுதான் எனக்கு வசதி.

மன்னை டிரைவர்:
தஞ்சாவூரில் பெரிய ஆஸ்பத்திரி என்றதும் ஊருக்குள் இருக்கிற ராசா மிராசுதார் ஆஸ்பத்திரியில் போய் நின்றுவிடாதீர்கள் அண்ணே. புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி மெடிக்கல் காலேஜ் போகிற டவுன் பஸ் ஏறுங்கள். சீட்டு காலையிலேயே போட்டுவிட வேண்டும், ஆதாரை எடுத்துக்கொள்ளுங்கள், தோல் பிரிவு என்று மட்டும் சொன்னால் போதும்.