குப்பியில் யார் அதிகம் பேச வேண்டும்?

திண்ணைவேலிக்காரன்:
கம்பஸ் பரீட்சை நெருங்கிவிட்டது. யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் வாடகை அறைகளில் எல்லாம் இரவிரவாகக் குப்பி நடக்கிறது. (வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக: பாடம் விளங்கிய சீனியரோ பட்ச் தோழரோ மற்றவர்களை இருத்திச் சொல்லிக்கொடுப்பதுதான் குப்பி. காசு வாங்குவதில்லை.) நல்ல வழக்கம், ஆனால் எடுக்கிற விதத்தில் எனக்கு உடன்பாடில்லை. குப்பி எடுப்பவர் இரண்டு மணித்தியாலம் பலகையில் எழுதிக்கொண்டே போகிறார். இருப்பவர்கள் தலையாட்டுகிறார்கள், பலகையைப் போனில் படம் எடுக்கிறார்கள், "விளங்கீற்று அண்ணை" என்கிறார்கள். அடுத்த நாள் அதே கணக்கை வெறும் தாளில் செய்யச் சொன்னால் முதல் வரியோடு நின்றுவிடுகிறது.

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) காலத்தில் ரியூசன் கொட்டிலில் நூற்றுக்கணக்கானவர்களோடு இருந்து, மைக்கில் சேர் சொல்வதைக் கொப்பியில் இறக்கிப் பழகியவர்கள் நாங்கள். பத்துப் பேர் இருக்கும் அறைக்கும் அதே பழக்கத்தைக் கொண்டுவருகிறோம். பத்துப் பேரையும் பேசவைக்கலாம், ஒவ்வொருவருக்கும் எங்கே பிழைக்கிறது என்று பார்க்கலாம். அந்த வசதியை வீணாக்குகிறோம். குப்பி எடுப்பவர் பாதி நேரத்துக்கு மேல் பேசக்கூடாது என்பது என் கருத்து.

கோண்டாவில் கணிதம்:
அண்ணை, குப்பிக்கு வருகிறவர் யார் என்று யோசித்தீர்களா? ஏ.எல். வரை தமிழில் படித்த பிள்ளை. செமஸ்டர் முழுக்க ஆங்கில விரிவுரையில் பாதி பிடிபடவில்லை. நாளை மறுநாள் பரீட்சை. அவரைப் பார்த்து "நீர் என்ன நினைக்கிறீர்?" என்று கேட்டால் என்ன சொல்லுவார்? வாயைத் திறக்கமாட்டார். அடுத்த குப்பிக்கு வரவும்மாட்டார். ரிப்பீட் விழுந்தால், அதாவது கோட்டைவிட்டு மறுபடி எழுதினால், பல பீடங்களில் சி தரத்துக்கு மேல் போடமாட்டார்கள். ஒரு பாடத்தை ஆழமாகப் படிக்கிற சிறப்புக் கற்கை கிடைப்பதே இந்தத் தரங்களில்தான் தங்கியிருக்கிறது. பாஸ் பேப்பரை (பழைய வினாத்தாளை) எடுத்து ஒவ்வொரு கேள்வியாகச் செய்து காட்டுவதுதான் அந்தப் பிள்ளைக்குச் செய்கிற உதவி.

இது வெறும் அவசரப் புத்தியும் இல்லை. கல்வி உளவியல் ஆய்வாளர்கள் சுவெல்லரும் கூப்பரும் 1985இல் அட்சரகணிதத்தில் செய்த ஆய்வில், செய்துகாட்டிய கணக்குகளைப் பார்த்துப் படித்தவர்கள், தாமாகவே முட்டிமோதியவர்களை விடக் கெதியாகக் கற்றார்கள். புதிதாகப் படிக்கிறவருக்கு எல்லாவற்றையும் ஒரேயடியாக மனத்தில் வைத்திருக்க இடம் போதாது.

வடமராட்சி ரீச்சர்:
தம்பி, நீங்கள் சொன்ன ஆய்வு சரியானதுதான். ஆனால் அதில் ஒரு மாதிரிக் கணக்கைப் பார்த்த கையோடு அதே மாதிரி இன்னொன்றைத் தாமே செய்தார்கள். நாங்கள் அந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறோம்.

ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006இல் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து ஒன்று செய்தார்கள். ஒரு பந்தியை ஒரு பகுதியினர் இரண்டாம் முறையும் வாசித்தார்கள். மற்றவர்கள் தாளை மூடிவிட்டு நினைவில் உள்ளதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் வாசித்தவர்கள் முன்னால்: 81 வீதம், மற்றவர்கள் 75. ஒரு கிழமை கழித்து வாசித்தவர்கள் 42 வீதம், எழுதிப் பார்த்தவர்கள் 56. குப்பி முடிந்து வெளியே வரும்போது "எல்லாம் விளங்கிவிட்டது" என்று தோன்றுவது இதனால்தான். அந்த நேரத்தில் உண்மையிலேயே நினைவில் இருக்கிறது.

கோண்டாவில் கணிதம்:
அப்படியென்றால் உங்கள் எண்களே என் பக்கம் நிற்கின்றன அக்கா. ஒரு கிழமை கழித்து யாருக்கு வேண்டும்? பரீட்சை நாளை மறுநாள்.

வடமராட்சி ரீச்சர்:
இரண்டு நாள் கழித்தும் சோதித்தார்கள், தம்பி. வாசித்தவர்கள் 54 வீதம், எழுதிப் பார்த்தவர்கள் 68.

திண்ணைவேலிக்காரன்:
பேசவைப்பது என்றால் "கேள்வி இருக்கா?" என்று பொதுவாகக் கேட்பது அல்ல. அதற்கு ஒருவரும் பதில் சொல்லமாட்டார்கள் என்பது கோண்டாவில் தம்பிக்கும் தெரியும். நான் செய்வதைச் சொல்கிறேன். புள்ளிவிபரவியலில் நியம வழு (standard error): மாதிரியில் கிடைக்கிற சராசரி உண்மையான சராசரியிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பதன் அளவு. சூத்திரம் எல்லோருக்கும் பாடம்: நியம விலகலை மாதிரி அளவின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். நியம விலகல் 20, மாதிரி 25 பேர் என்று கொடுத்தால் 4 என்று உடனே சொல்லுவார்கள். அடுத்து, "மாதிரியை 100 பேர் ஆக்கினால்? கணக்குப் பார்க்காமல் முதலில் ஊகித்து எழுதுங்கோ" என்பேன். அநேகமானவர்கள் 1 என்று எழுதுவார்கள், ஆட்கள் நாலு மடங்கு கூடினால் வழு நாலில் ஒன்றாகும் என்ற எண்ணத்தில். நான் ஒன்றும் சொல்வதில்லை. இப்போது போட்டுப் பாருங்கோ என்றால் 2 வரும். யாராவது ஒருவர் தாளைப் பார்த்தபடியே "நாலு மடங்கு ஆள் கூட்டியும் பாதிதானா குறையுது?" என்பார். அந்தக் கேள்வி அவருடையது. பிறகு "இன்னும் பாதியாக்க எத்தனை பேர் வேண்டும்?" என்றால் 400 என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லுவார். இதையே நான் சொல்லிக்கொடுத்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும், ஆனால் அந்த 1 அவர்களின் தலைக்குள் அப்படியே இருந்திருக்கும்.

மானிப்பாய்ப் பெடியன்:
மொழியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. முதல் வருடத்தில் பேசாமல் இருப்பவர்களில் பலருக்குப் பாடம் தெரியாமல் இல்லை. ஆங்கிலத்தில் சொல்லப் பயம். எங்கள் மானிப்பாயில் அமெரிக்க மிசனரி டொக்டர் சாமுவேல் கிறீன் 1860களிலேயே மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார், அதற்கான நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். குப்பியில் தமிழில் யோசிக்கவும் வாதாடவும் விட்டால் அந்தப் பிள்ளைகள் பேசுவார்கள்.

கோண்டாவில் கணிதம்:
பேசுவார்கள், சரி. விடை எழுதுவது ஆங்கிலத்தில். முழுக்கத் தமிழில் குப்பி எடுத்து, மண்டபத்தில் ஒரு வசனம் எழுதமுடியாமல் இருந்துவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். வாதாடுவது தமிழில் இருக்கட்டும், கடைசி நாலு வரியை ஒவ்வொருவரும் ஆங்கிலத்தில் எழுதிவிட்டுத்தான் எழும்ப வேண்டும். அதை அவர்களே எழுதவேண்டும் என்பதில் அண்ணையோடு ஒத்துப்போகிறேன்.

ஆனால் முதல் மாதிரிக் கணக்கு நான்தான் செய்து காட்டுவேன், இதில் மாற்றமில்லை. அண்ணையின் உதாரணத்திலும் சூத்திரம் ஏற்கனவே பாடம். சூத்திரத்தையே முதன்முதல் பார்க்கிறவரிடம் ஊகிக்கச் சொல்லி என்ன பயன்?

வடமராட்சி ரீச்சர்:
அதை நான் ஏற்கிறேன். கல்யூகாவும் சுவெல்லரும் மற்றவர்களும் 2003இல் எழுதியதும் இதைத்தான்: தொடக்கத்தில் உதவுகிற விளக்கம், ஆள் தேறத் தேறத் தடையாகிவிடும். முதல் கணக்கை முழுக்கச் செய்து காட்டுங்கள். இரண்டாவதில் கடைசிப் படியை அவர் செய்யட்டும், மூன்றாவதில் பாதியை. எங்கே கையை எடுப்பது என்பதை அவருடைய தாளைப் பார்த்தால்தான் சொல்லலாம். பலகையைப் பார்த்தபடி நிற்கிறவருக்கு அது தெரியாது.

கோண்டாவில் கணிதம்:
தாளைப் பார்க்கலாம், பத்துப் பேர் என்றால். என் குப்பிக்கு நாற்பது பேர் வருகிறார்கள், இன்னும் கொஞ்சப் பேர் சூமில். ஒருவர் எடுக்கிற குப்பியில் நாற்பது தாளை எப்படிப் பார்ப்பது?

திண்ணைவேலிக்காரன்:
நாலாகப் பிரியுங்கள். போன கிழமை உங்களிடம் படித்து விளங்கிக்கொண்ட மூன்று பேருக்கு ஆளுக்கொரு கூட்டம் கொடுங்கள். நேற்று விளங்கியவருக்கு, எது விளங்காமல் இருந்தது என்பது இன்னும் மறந்திருக்காது.

கோண்டாவில் கணிதம்:
பிழையாகச் சொல்லிக்கொடுத்தால் பத்துப் பேரும் பிழையாக எழுதுவார்கள், அண்ணை. பரீட்சைக்கு முதல் நாள் அதைத் திருத்த யார் இருக்கிறார்கள்? அந்த மூன்று பேரையும் முதலில் என் முன்னால் ஒரு கணக்கு விளங்கப்படுத்தச் சொல்லிக் கேட்பேன். சரியாகச் சொன்னால் வியாழன் இரவே பிரிக்கிறேன்.