தொழிற்சாலைப் பயிற்சி எங்கும் கிடைக்கவில்லை, அவசர உதவி தேவை

மூன்றாமாண்டு: பயிற்சிச் சான்றிதழ் இல்லாவிட்டால் மதிப்பெண் கிடையாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். போன இடமெல்லாம் வாட்ச்மேனே திருப்பி அனுப்பிவிடுகிறார். மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. விடுமுறை தொடங்கப் போகிறது. உடனே வழி சொல்லுங்கள்.

வெள்ளலூரான்: எந்தத் துறை, எந்த ஊர், எத்தனை வாரம்? ஒன்றையும் சொல்லாமல் எந்தக் கதவைத் தட்டச் சொல்வது தம்பி?

துவாக்குடிக்காரி: கல்லூரிக் கடிதம் இருக்கிறதா? அதில் விபத்துக் காப்பீடு பற்றி எழுதியிருக்கிறதா?

அடையாறு: தரமணியில் தொழில் பழகுநர் பயிற்சி வாரியம் இருக்கிறது. இணையத்தில் பதிவு செய்யுங்கள், உதவித்தொகையும் உண்டு.

மூத்த பொறியாளர்: விவரம் தெரியாமல் வழிகாட்ட வேண்டாம். 1961 தொழில் பழகுநர் சட்டத்தில் பட்டதாரிகளைச் சேர்த்ததே 1973 திருத்தம்தான். படிப்பை முடித்தவர்களுக்கான ஓராண்டுப் பயிற்சி அது. படிப்புக்கு நடுவிலேயே ஆலைப் பயிற்சியும் சேர்ந்த சாண்ட்விச் படிப்பு என்றால் வேறு. இந்தக் காலத்து மாணவர்கள் எதையும் படித்துப் பார்ப்பதில்லை. பெரிய ஆலைக்கே முயற்சி செய்யுங்கள். லேத் பட்டறைச் சான்றிதழை யாரும் மதிக்கமாட்டார்கள்.

மூன்றாமாண்டு: மெக்கானிக்கல், கோவை, நான்கு வாரம். கடிதம் இருக்கிறது. காப்பீடு பற்றி எதுவும் இல்லை.

குறிச்சிப் பட்டறை: சிக்கல் அங்கேதான். பையனுக்கு விரல் போனால் யார் பொறுப்பு என்றுதான் எந்த முதலாளியும் முதலில் யோசிப்பார். கல்லூரியின் குழுக் காப்பீட்டு எண்ணையும் தொடங்கும் தேதி, முடியும் தேதியையும் கடிதத்தில் சேர்த்து வாங்கு. ஷிப்ட் மாறும் நேரத்தில் போகாதே. பத்து மணிக்கு மேல் போய்ப் பராமரிப்புப் பொறுப்பாளரைக் கேள். "பயிற்சி வேண்டும்" என்று மட்டும் சொன்னால் நீ அவருக்குச் சுமை. "கணினியில் இயங்கும் ஒரு சிஎன்சி எந்திரம் எப்போது, எதனால் நிற்கிறது என்று தினமும் எழுதித் தருகிறேன்" என்று சொல்லிப் பார், உட்காரச் சொல்வார். அந்தக் கணக்கை எழுத அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. இங்கே சிறுதொழில் முதலாளிகளின் சங்கமான கொடிசியா அலுவலகத்திலும் விசாரி.

பட்டறையை மதிக்கமாட்டார்கள் என்பதை நான் ஏற்கமாட்டேன். கணபதியிலும் பீளமேட்டிலும் சிறிய பம்பு ஆலைகளில் அச்சு, வார்ப்பு, கடைசல், காயில் சுற்றுதல், தண்ணீர்ச் சோதனை எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடக்கும்.

மூத்த பொறியாளர்: நேர்காணலில் நிறுவனத்தின் பெயரைத்தான் முதலில் பார்ப்பார்கள். முப்பது ஆண்டு அனுபவத்தில் சொல்கிறேன்.

துவாக்குடிக்காரி: நான் ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கிறேன் ஐயா. பெரிய ஆலையில் பலரும் எந்திரத்தை நெருங்காமலிருக்கப் போட்ட மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்று சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறார்கள். வார்ப்பில் ஏன் காற்றுத் துளை விழுகிறது என்று கேட்டால் பதில் வராது. மணலில் ஈரம் கூடினால் என்ன ஆகும் என்பதைக் கையால் பிடித்துப் பார்த்தவன்தான் சொல்வான்.

மூத்த பொறியாளர்: விதிவிலக்கை விதியாக்காதீர்கள்.

வெள்ளலூரான்: இந்த வாதத்துக்குத் தனி இழை தொடங்குங்கள். தம்பி, பணம் வாங்கிக்கொண்டு வெறும் சான்றிதழ் தருபவர்கள் அழைத்தால் போகாதே. வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வாய்.

மூன்றாமாண்டு: துறைத்தலைவர் காப்பீட்டு எண் சேர்த்துக் கொடுத்தார். பீளமேட்டில் ஒரு பம்பு ஆலையில் திங்கள் முதல் வரச் சொல்லிவிட்டார்கள். முதலில் வார்ப்புப் பிரிவு. நன்றி. ஷூ எப்படிப்பட்டது வாங்க வேண்டும்?

குறிச்சிப் பட்டறை: தோல் ஷூ, முனையில் இரும்புக் காப்பு உள்ளதாக வாங்கு. கயிறு கட்டும் வகை வேண்டாம். இரும்புக் குழம்பு தெறித்தால் உடனே உதறிக் கழற்ற வேண்டும். பருத்திச் சட்டை போடு, பாலியஸ்டர் வேண்டாம்.