புதுப்பிப்பு: சூரிய உதயப் படத்தில் வள்ளுவர் சிலை கறுத்துப்போவது, சரியாகிவிட்டது

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. முன்பு நான் கேட்டது: பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா, அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ். கன்னியாகுமரி கரையிலிருந்து எடுத்தால் சிலை கறுத்துவிடுகிறது, சிலையைத் தெளிவாக்கினால் வானம் வெளுத்துவிடுகிறது, என்ன செய்ய?

பலித்தது, "ரா வடிவில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக) எடு, எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை மைனஸ் 1-க்கு இறக்கு (படம் ஒரு படி இருட்டாக விழும்), நிழல் பகுதியை அப்புறம் கணினியில் வெளிச்சமாக்கிக்கொள்" என்று ஒரு அண்ணன் சொன்னதுதான். முழுக்க வெளுத்த வானத்தில் மீட்பதற்கு நிறமே பதிவாகியிருக்காது; இருட்டில் விவரம் மிச்சமிருக்கும். ஜேபெக்கில் (கேமரா சுருக்கித் தரும் வழக்கமான படக் கோப்பில்) இதையே செய்தால் சிலை திட்டுத் திட்டாகிறது. என் செட்டிங்: ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் திறப்பு எஃப்8, ட்ரைபாட், 2 வினாடி டைமர். அடிவானம் சிவக்கும்போதே எடுத்துவிட வேண்டும். சூரியன் நன்றாக மேலே வந்துவிட்டால் இதுவும் கைகொடுக்காது.

வானத்தை மட்டும் இருட்டாக்க லென்ஸ் முன் மாட்டும் பாதி இருண்ட ஃபில்டர் வாங்கவில்லை. 133 அடி உயரச் சிலை அடிவானத்தைத் தாண்டி நிற்கிறது, ஃபில்டர் போட்டால் வானத்தோடு வள்ளுவர் தலையும் இருண்டுவிடும். "சாயங்காலம் வா, மேற்கு வெயில் சிலை மேல் விழும்" என்றதும் உண்மைதான். கல்லின் நிறம் அப்படியே வருகிறது. ஆனால் எனக்கு உதயம்தானே வேண்டும்!

எதிர்பாராதது ஒன்று. நாகர்கோவிலிலிருந்து ஏசி காரில் போய் இறங்கியதும் லென்ஸ் முழுக்க ஆவி படிந்தது. துடைக்கத் துடைக்க மறுபடி படிகிறது. இப்போதெல்லாம் ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் போகிறேன். ஏசியில் இருந்த கேமரா என்றால், பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்தால் போதும்.