நண்டுக் கையைத் தடுக்கும் நரம்பு: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வெள்ளவத்தைத் தம்பி:
சந்தையில் உயிர் நண்டு வாங்கினால் கயிற்றை அவிழ்த்ததும் கொஞ்சம் நின்று பாருங்கள். சிலநேரம் கை மடங்கியபடியே இருக்க கொடுக்கின் அசைகிற விரல் மட்டும் மெதுவாக விரியும், சிலநேரம் விரல் மூடியபடி கை நீளும். விலங்கியல் படித்ததால் எனக்கு இது பெரிய அதிசயம், ஏனென்றால் விரலை விரிக்கிற தசைக்கும் கையை நீட்டுகிற தசைக்கும் 'சுருங்கு' என்று சொல்வது ஒரே ஒரு நரம்பிழைதான், அது கிளைவிட்டு இரண்டுக்கும் போகிறது. அப்படியென்றால் இரண்டும் சேர்ந்துதானே அசைய வேண்டும்? பிரித்து அசைய வைப்பது ஒவ்வொரு தசைக்கும் தனியாக வரும் தடுக்கும் நரம்பு. எங்கள் கைகால் தசைக்கு வருகிற இயக்க நரம்பு சுருங்கத்தான் சொல்லும், தடுக்கிற வேலை முண்ணாணிலேயே முடிந்துவிடும். நண்டில் தடை தசை வரைக்கும் இறங்கி வருகிறது.

கொட்டாஞ்சேனை ரீச்சர்:
சரியாகச் சொன்னீர்கள் தம்பி. உயர்தர வகுப்பில் பிள்ளைகள் உடனே கேட்பது, "தடுக்கிறது என்றால் எப்படி ரீச்சர்?" தடுக்கும் நரம்பின் முனையிலிருந்து காபா (GABA) என்ற இரசாயனம் வெளிவரும், தசையிழையின் மென்சவ்வில் குளோரைட்டு வாயில்கள் திறக்கும், தூண்டும் நரம்பு விடுகிற குளூட்டமேற்று என்ற இரசாயனம் உண்டாக்கிய மின்மாற்றம் அங்கேயே அடங்கிப்போகும். எனக்குப் பிடித்தது மற்ற வழி. தடுக்கும் நரம்பு தூண்டும் நரம்பின் முனையிலேயே தொடுப்பு வைத்து, குளூட்டமேற்று வெளிவருவதையே குறைத்துவிடும். சிங்க இறாலின் நன்னீர் உறவான கிரேஃபிஷில் டூடெல், குஃப்ளர் என்ற இரு ஆய்வாளர்கள் 1961இல் இதைக் காட்டினார்கள். அதைக் கரும்பலகையில் வரையும்போது வகுப்பே அமைதியாகிவிடும்.

தெகிவளை அப்பா:
நான் விஞ்ஞானம் படித்தவன் இல்லை. மகளுக்கு வலிப்பு, டொக்டர் குளோபசாம் எழுதினார், அது மூளையில் காபாவின் வேலையைக் கூட்டுகிற மருந்து என்றார். அப்புறம் தேடி வாசித்தேன். மாட்டு மூளைச் சாற்றில் எதுவோ கிரேஃபிஷின் நரம்புக்கலத்தை அடக்குகிறது என்று கண்டு, 1957இல் அது காபா என்று பிரித்தறிந்தார்கள். 1966இல் ஹார்வர்டில் சிங்க இறாலின் தடுக்கும் நரம்பைத் தூண்டியபோது காபா வெளிவந்தது, தூண்டும் நரம்பில் வரவில்லை. என் பிள்ளை இரவு விழுங்குகிற மாத்திரைக்கும் இறாலின் காலுக்கும் இவ்வளவு நெருக்கம் என்று தெரிந்தபோது கண் கலங்கிவிட்டது. ரீச்சர், வகுப்பில் இந்த மருந்துக் கதையையும் சொல்லுங்கள், வலிப்பு உள்ள பிள்ளை ஒன்று அங்கே இருக்கக்கூடும்.