16-35 லென்ஸுக்கு எந்தக் கண்ணாடி டோம்: 180ஆ, 230ஆ?

வணக்கம் நண்பர்களே. சோனி ஃபுல் ஃப்ரேம் பாடி, 16-35 எஃப்4 லென்ஸ். நீருக்கடியில் படம் எடுக்க, ஹவுசிங்கின் (கேமராவின் நீர்புகாப் பெட்டியின்) முன்னால் மாட்டும் அரைக்கோள மூடிதான் டோம்; இப்போது கையில் இருப்பது அக்ரிலிக் டோம். ஜனவரியில் அந்தமான், ஹேவ்லாக் போகிறேன். அதற்குள் கண்ணாடிக்கு மாறலாம் என்று யோசனை. சூரியனைப் பார்த்து எடுக்கும்போது கோஸ்ட் (ஒளி பிரதிபலித்து உண்டாகும் போலிப் பிம்பம்) விழுவது பெரிய தொல்லை. கோட்டிங் போட்ட கண்ணாடியில் அது குறையும் என்கிறார்கள்.

குழப்பம் அளவில்தான்: விட்டம் 180 மி.மீ.யா, 230 மி.மீ.யா? தண்ணீருக்குள் லென்ஸ் நேரடியாகப் பவளத்தைப் பார்ப்பதில்லை. டோமின் ஆரத்தைப்போல் சுமார் மூன்று மடங்கு தூரத்துக்குள் உருவாகும் வளைந்த மாயபிம்பத்தைத்தான் பார்க்கிறது. டோம் சின்னதானால் பிம்பம் இன்னும் கிட்டே வரும், வளைவும் கூடும், படத்தின் மூலைகள் குழையும். ஃபிஷ்ஐ (மிக அகலக் கோண லென்ஸ்) வைத்திருப்பவர்களுக்குச் சின்ன டோமே போதும், கொடுத்துவைத்தவர்கள்!

180-இல் எஃப்11, எஃப்13 வைத்தால் 16 மி.மீ.யில் மூலை தேறுமா? லென்ஸ் முன்னால் திருகும் கரெக்‌ஷன் லென்ஸ் போட்டவர்கள் யாராவது உண்டா? டோமுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே போடும் எக்ஸ்டென்ஷன் ரிங் எத்தனை மி.மீ. போட்டீர்கள் என்பதையும் ஹவுசிங் பெயரோடு சொல்லுங்கள்.

230 வாங்கினால் பாதி நீர், பாதி வானம் படங்களுக்கு வசதி, தெரியும். ஆனால் அந்த எடையைக் கேபின் பையில் எப்படிக் கொண்டுபோகிறீர்கள்?

பழையது ஒன்று விலைக்கு வருகிறது, ஓரத்தில் மெல்லிய கீறலோடு. அக்ரிலிக் என்றால் வீட்டிலேயே பாலிஷ் போட்டுவிடலாம். கண்ணாடியில் அது நடக்காது. தண்ணீருக்குள் அந்தக் கீறல் படத்தில் தெரியுமா? மூலைகள் தெரிகிற மாதிரி சாம்பிள் படம் இருந்தால் போடுங்கள், ப்ளீஸ்.