சுண்டெலி அறை: 22 டிகிரியே போதுமா, 28க்கு ஏற்ற வேண்டுமா?

முப்பது_டிகிரி:
ஆய்வகச் சுண்டெலிகளை 20 முதல் 24 டிகிரி செல்சியஸில் வைப்பதுதான் எங்கும் வழக்கம். பரிந்துரை வரம்பே 20–26தான். என்னைக் கேட்டால், இது மேலங்கியும் முகக்கவசமும் கையுறையும் போட்டு வேலை செய்பவருக்கு இதமான எண், சுண்டெலிக்கு அல்ல. இருபது, இருபத்தைந்து கிராம் உடம்பு. எடையோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு மிக அதிகம். குளிரை எதிர்க்கவும் வேண்டாம், சூட்டைக் கழிக்கவும் வேண்டாம் என்ற நிலை அதற்கு 29–31 டிகிரியில்தான் வருகிறது. 22இல் வைத்தால் தின்னும் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் உடம்பைச் சூடாக வைக்கவே செலவாகிறது. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 500ஐத் தாண்டி நிற்கும். 30இல் அதே விலங்குக்கு 400ஐ ஒட்டி இறங்கிவிடும்.

இது வெறும் வசதிப் பிரச்சினை இல்லை, முடிவையே மாற்றுகிறது. கொழுப்பை எரித்து உடம்பைச் சூடாக்க உதவும் யுசிபி1 மரபணுவை நீக்கிய சுண்டெலிகள் வழக்கமான அறைச் சூட்டில் பருக்கவில்லை, 30 டிகிரியை ஒட்டி வைத்தால் பருக்கின்றன என்று 2009இல் வந்தது. 30இல் வளர்த்தவற்றில் புற்றுக்கட்டி மெதுவாக வளர்ந்தது, நோயெதிர்ப்பும் வலுவாக இருந்தது என்று 2013இல் வந்தது. மருந்து வேலை செய்யவில்லை என்று தீர்ப்பு எழுதும் முன், அந்த விலங்கு குளிரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததா என்று பார்க்க வேண்டாமா? என் கட்சி எளிது: அறை முழுவதையும் 28க்கு ஏற்றுங்கள்.

தாள்கூடு:
நோய் சரி, மருந்து தவறு. 30 என்பது தனியாக, கூடு இல்லாமல், பகலில் சும்மா படுத்திருக்கும் சுண்டெலியின் எண். இரவில் ஓடியாடும்போது அதே விலங்கு சில டிகிரி குறைவான இடத்தைத் தேடிப் போகிறது. அறைக்கு ஒரே எண்தான் வைக்க முடியும். சுண்டெலிக்கோ நாளுக்கு இரண்டு மூன்று எண் தேவை. அதைக் கொடுப்பது கூடு. படுக்கும்போது உள்ளே, திரியும்போது வெளியே.

கூண்டுக்கு 8 முதல் 10 கிராம் நீளச் சுருள் தாள் வேண்டும். பல இடங்களில் அழுத்திய பஞ்சுச் சதுரம் ஒன்றைப் போட்டுவிட்டு “கூடு கொடுத்தாயிற்று” என்று கணக்கு எழுதுகிறார்கள். அது 2, 3 கிராம். அதை வைத்துச் சுண்டெலி தட்டு கட்டும், குவிமாடம் கட்டாது. காலையில் பார்த்து 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுங்கள்: தொடாத தாள் 1, மேலே மூடிய குவிமாடம் 5. மூன்றைத் தாண்டாத கூண்டில் முதலில் தாளின் எடையைச் சோதியுங்கள், பிறகு விலங்கை.

இனப்பெருக்க அறையை 28க்கு ஏற்றவே கூடாது. பால் கொடுக்கும் தாய்க்குத் தீனி தட்டுப்பாடு இல்லை, சூட்டைக் கழிப்பதுதான் தட்டுப்பாடு. 30இல் அவள் தின்பதும் குறையும், பாலும் குறையும், குட்டிகளின் எடையும் குறையும்.

காற்றுக்குழாய்:
இயந்திர அறைப் பக்கமிருந்து மூன்று விஷயம்.

முதலாவது ஈரப்பதம். 22 டிகிரியில் 50 சதவீதம் இருக்கும் காற்றை, நீராவி சேர்க்காமல் 28க்குச் சூடாக்கினால் 35 சதவீதமாக இறங்கிவிடும். பக்கத்து அறையில் எலிக்குட்டிகள் இருந்து, ஒரே காற்றுக் குழாயில் இரண்டும் போனால், 40க்குக் கீழே வால் வளையச் சுருக்கம், அதாவது வால் வளையம்போல் இறுகிச் சுருங்கும் நோய், வரத் தொடங்கும். ஆகவே வெப்பத்தோடு ஈரமூட்டியையும் பெரிதாக்க வேண்டும்.

இரண்டாவது, அறைச் சூடும் கூண்டுச் சூடும் ஒன்றல்ல. மூடி வடிகட்டி போட்ட சாதாரணக் கூண்டில் ஐந்து சுண்டெலி இருந்தால் உள்ளே ஓரிரு டிகிரி கூடுதல். தனிக்காற்றோட்டக் கூண்டில் நிலைமை தலைகீழ்: மணிக்கு 50, 60 முறை காற்று மாறும்போது, நுழைவாய் பக்கம் வீச்சு உறைக்கும். விலங்கு இருக்கும் உயரத்தில் காற்றின் வேகம் நொடிக்கு 0.2 மீட்டரைத் தாண்டக் கூடாது. கூட்டை நுழைவாயிலிருந்து தள்ளித் தள்ளிக் கட்டுகிறதென்றால் அளவுகருவி வருமுன்பே விடை தெரிந்துவிட்டது. இங்கே அறையைச் சூடாக்குவதைவிட ரேக்கின் காற்றளவைச் சரிசெய்வது முதல் வேலை.

மூன்றாவதுதான் என்னைப் பயமுறுத்துவது. விலங்கு அறையில் கூட்டச் சாவு வருவது பெரும்பாலும் குளிரால் அல்ல, அறைக்குள் போகும் காற்றைச் சூடாக்கும் மறுசூடேற்றும் சுருளின் வால்வு திறந்தபடி சிக்கிக்கொள்வதால். சுண்டெலிக்கு வேர்க்காது, எச்சிலை ரோமத்தில் பூசிக்கொள்வதோடு சரி. 37ஐத் தாண்டினால் அதற்குச் சில மணி நேரம்தான். 22இல் ஓடும் அறைக்கு அந்த எல்லைவரை 15 டிகிரி இடைவெளி. 28இல் ஓடும் அறைக்கு 9. மின்சாரம் போனால் தானே மூடிக்கொள்ளும் வால்வு, அதோடு சேராத தனி உச்சவரம்புத் துண்டிப்பான், இரண்டும் இல்லாமல் 28ஐப் பற்றிப் பேச வேண்டாம்.

முப்பது_டிகிரி:
வால்வும் ஈரமூட்டியும் வடிவமைப்புக் குறைகள், பணம் போட்டால் தீரும். பால் கொடுக்கும் தாய் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன், இனப்பெருக்க அறையை விட்டுவிடுவோம்.

ஆனால் தாள்கூடு சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. கூடு கட்டுவதும் ஒரு நடத்தை. உடம்பு சரியில்லாததும், அறுவை முடிந்ததும், முதிர்ந்ததும், மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதி சேதமானதும் ஒழுங்காகக் கட்டாது. அப்படியானால் உங்கள் 8 கிராம் தாள் என்ன செய்கிறது? கட்டுப்பாட்டுக் குழு குவிமாடத்துக்குள் சூடாக இருக்கிறது. நோய்க் குழு திறந்தவெளியில் குளிர்கிறது. பிறகு இரண்டுக்கும் எடை வித்தியாசம் வந்தால் அது நோயா, குளிரா? அறை வெப்பம் குறைந்தபட்சம் இரண்டு குழுவுக்கும் ஒரே மாதிரி போய்ச் சேரும்.

வளர்சிதை அளவிடும் கூண்டையும் பாருங்கள். கம்பித் தரை, தனி விலங்கு, படுக்கைத் தூள் இல்லை, தாள் போட்டால் சிறுநீர் சேகரிப்பு கெடும். அங்கே கூடு என்ற பேச்சுக்கே இடமில்லை.

பிழைப்பட்டை:
இந்தக் குழுவேறுபாட்டு வாதம் வலுவானது, தாள்கூடு இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அதே சமயம் “அறை வெப்பம் எல்லோருக்கும் ஒன்று” என்பதும் முழு உண்மை இல்லை. ரேக்கின் மேல்தட்டு சூடும் வெளிச்சமும் கூடியது, அடித்தட்டு இருண்டது. சிகிச்சைக் குழு மேலே, கட்டுப்பாட்டுக் குழு கீழே என்று அடுக்கினால் 28 என்ன, 22 என்ன, முடிவு பாழ். கூண்டுகளைத் தட்டுகளுக்குக் குலுக்கல் முறையில் பிரியுங்கள். உணவோ வெப்பமோ கூண்டு அளவில் மாறும்போது ஆய்வு அலகு கூண்டுதான். ஐந்து சுண்டெலியை ஐந்து மாதிரியாக எண்ணாதீர்கள்.

கூடும் மறைவிடமும் கொடுத்தால் தரவு சிதறும் என்ற பழைய பயம் தேவையில்லை. சூழலைச் செழிப்பாக்கினாலும் சிதறல் கூடவில்லை, வெவ்வேறு ஆய்வகங்களின் முடிவுகள் ஒத்துப்போவதும் கெடவில்லை என்று 2004லேயே காட்டியாகிவிட்டது. வருத்தம் என்னவென்றால், விலங்கு ஆய்வை எப்படி அறிக்கையிட வேண்டும் என்று சொல்லும் அரைவ் நெறிகளை 2020இல் புதுப்பித்தபோதுகூட வளர்ப்பிடத் தகவல் கட்டாயமான பத்து அம்சங்களில் இல்லை, பரிந்துரைப் பட்டியலில்தான் இருக்கிறது. அதனால்தான் “தரமான நிலையில் வளர்க்கப்பட்டன” என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறார்கள்.

தாள்கூடு:
தட்டிக்கழிக்கவில்லை. கட்ட முடியாத விலங்குக்கு மூன்று வழி. மற்றொரு கூண்டில் கட்டிய கூட்டை எடுத்து வைக்காதீர்கள், வேற்று வாசனை சண்டையில் முடியும். நாமே கையால் கிண்ணம்போல் அமைத்து வைக்கலாம். இரண்டாவது, தனியாக வைக்காமல் கூட்டாளியோடு வைப்பது. ஒண்டிப் படுப்பதே பெரிய சேமிப்பு. மூன்றாவது, கூண்டுக்கு அடியில் சூட்டு விரிப்பு, ஆனால் தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும். முழுத் தரைக்கும் போட்டால் விலக இடமின்றி வெந்துபோகும்.

ரோமமில்லாத சுண்டெலிக்குப் பஞ்சுச் சதுரம் வேண்டவே வேண்டாம், இதை நானே சொல்லிவிடுகிறேன். இமைமுடி இல்லாத கண்ணில் இழை புகுந்து அழற்சி, பிறகு சீழ்க்கட்டி. குட்டிகளின் கால், வாலில் இழை சுற்றி அந்தப் பகுதியே செத்துப்போவதும் உண்டு. அகலமான தாள் பட்டையில் இந்தத் தொல்லை குறைவு.

கூண்டுத்துடைப்பம்:
எல்லோரும் டிகிரியிலேயே நிற்கிறீர்கள். தாள் போடும் கூண்டைத் தினமும் பராமரிப்பவருக்குத் தெரியும் சங்கதி வேறு.

தாளைத் தண்ணீர்க் குழல் முனைக்குக் கீழே போடாதீர்கள். சுண்டெலி அதைக் குவித்து முனையைத் தொடவைத்துவிடும். திரிபோல் உறிஞ்சி ஒரே இரவில் 250 மில்லி புட்டி காலி. மறுநாள் நனைந்த கூண்டு, குளிரில் விறைத்த சுண்டெலி. சூட்டுக்காகப் போட்ட தாளே கொன்றுவிடும். பின்மூலையில் போடுங்கள், படுக்கைத் தூளும் குழலைத் தொடாத அளவுக்கு இருக்கட்டும். தனிக்காற்றோட்டக் கூண்டென்றால் காற்று வெளியேறும் வாயையும் அடைத்துக்கொள்ளும், அதையும் பாருங்கள்.

ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) வைத்த தாளை உலர்த்தும் சுற்று முடியாமல் எடுத்தால் கட்டியாக ஒட்டிக்கொள்ளும், சுண்டெலியால் பிரிக்க முடியாது.

தினசரிப் பார்வைக்காகக் கூட்டைக் கலைக்காதீர்கள். கூடு நேற்றைப்போல் மூடியிருக்கிறதா, தீனித்தட்டு குறைந்ததா, இவை போதும். நேற்று குவிமாடம், இன்று சிதறல் என்றால் அப்போது திறந்து பாருங்கள். புதுக் குட்டி போட்ட கூண்டை முதல் மூன்று நாள் தொடாமல் விடுவது நல்லது.

கூண்டு மாற்றும்போது ஆண்களுக்குக் காய்ந்த கூட்டுத் தாளில் ஒரு பகுதியைப் புதுக் கூண்டுக்கு எடுத்துப் போங்கள், சண்டை குறையும். சிறுநீர் ஊறிய தூளை எடுத்துப் போனால் கூடும். ஒரே வாசல் வைத்த குடிலும் ஆண்களுக்கு ஆகாது: ஒருவன் வாசலில் உட்கார்ந்து மற்றவர்களை விடமாட்டான். பிட்டத்திலும் வாலடியிலும் கடிகாயம் தெரிந்தால் காயம் இல்லாதவனைத்தான் பிரிக்க வேண்டும், கடித்தவன் அவன்தான்.

28க்குப் போனால் அமோனியாவும் முந்தி வரும். மலத்து நுண்ணுயிர்தான் யூரியாவை உடைக்கிறது, சூடும் ஈரமும் அதற்குத் தீனி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றும் கூண்டை அதே அட்டவணையில் விடலாமா என்பதை, கூண்டுக்குள் அளந்து பார்த்துச் சொல்லுங்கள். 25 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு) என்பது மனிதர் வேலை செய்யும் இடத்துக்கான வரம்பு. மூக்கைத் தரையில் வைத்து வாழும் விலங்குக்கு அதையே சொல்லாதீர்கள்.

முப்பது_டிகிரி:
சரி, “அறை முழுவதும்” என்றதைத் திரும்பப் பெறுகிறேன். வளர்சிதை அளவீடு, கட்டி ஆய்வு, கம்பித் தரைக் கூண்டு ஆகியவற்றுக்கு மட்டும் 29–30 வேண்டும், அதில் விட்டுக்கொடுக்கமாட்டேன். அதுவும் அளவிடும் நாளன்று தூக்கி உள்ளே வைப்பதால் பயனில்லை. உடம்புக்குச் சூடு தரும் பழுப்புக் கொழுப்பு வேலை குறைந்து மாற வாரக்கணக்கில் ஆகும். பால் மறந்ததும் சூட்டில் வளர்ந்தவற்றுக்கு வால்கூட நீளம். சூட்டைக் கழிக்கும் உறுப்பே மாறிவிடுகிறது. ஆகவே எந்த வயதில் மாற்றினோம் என்பதும் அறிக்கையில் வர வேண்டும்.

காற்றுக்குழாய்:
அதற்கு அறை வேண்டாம், பத்து இருபது கூண்டு பிடிக்கும் சூட்டுப் பெட்டி போதும். உணரியைப் பெட்டிச் சுவரில் ஒட்டாமல், தூள் போட்ட ஒரு காலிக் கூண்டுக்குள் வைத்து நடுத்தட்டில் நிறுத்துங்கள். எச்சரிக்கை மணி 27இலும் 32இலும் அடிக்கட்டும். கதவு திறக்கும்போது 27 மணி அடிக்கும் என்பதால் அதற்கு மட்டும் பத்து நிமிடத் தாமதம் வையுங்கள். 32க்குத் தாமதமே வேண்டாம்.

தாள்கூடு:
பெட்டிக்குள் தூள்தரைக் கூண்டுகளுக்குத் தாள் கொடுப்பீர்களா, மாட்டீர்களா?

முப்பது_டிகிரி:
கொடுப்பேன், எல்லாக் குழுவுக்கும் ஒரே எடை. 30இலும் சுண்டெலி தாளைக் கிழிக்கும், ஆனால் மூடிக் கட்டாது. தட்டையாகப் பரப்பி மேலே படுக்கும். ஏதாவது ஒரு தட்டில் மட்டும் குவிமாடம் எழுந்தால், உணரி என்ன காட்டினாலும் சரி, அந்தத் தட்டின் விசிறியை அவிழ்த்துப் பார்ப்பேன்.